வலப்பக்கம் என்று கட்டளை, இடப்பக்கம் திரும்பிய கப்பல்: அச்சுப்பிழையா?

டைட்டானிக் பற்றிய கட்டுரையைத் தமிழாக்கும்போது, 'ஹார்ட் எ ஸ்டார்போர்டு' என்று கட்டளை வந்தும் கப்பல் இடப்பக்கம் திரும்பியதாக இருக்கிறது, அச்சுப்பிழையா என்று கேட்டிருந்தீர்கள். பிழை இல்லை, கை வைக்காதீர்கள்.

ஸ்டார்போர்டு வலப்பக்கம்தான். ஆனால் அந்தக் கட்டளை கப்பலுக்கு அல்ல, சுக்கான் பிடிக்கு. பழைய கப்பல்களில் சுக்கானின் தலையில் நீளமாக ஒரு பிடி இருக்கும். அதை வலப்பக்கம் தள்ளினால் தண்ணீருக்குள் இருக்கும் பலகை இடப்பக்கம் சாயும், கப்பலின் முகப்பும் இடப்பக்கம் போகும். பிறகு சக்கரம் வந்துவிட்டது, பிடியைக் கையால் தொட வேண்டிய வேலையே இல்லை. பேச்சு மட்டும் மாறவில்லை! 1912 ஏப்ரல் 14 இரவு அதிகாரி மர்டாக் கொடுத்ததும் இந்தப் பழைய முறைக் கட்டளைதான். பனிப்பாறை கப்பலின் வலப்பக்கத்தை உரசியதும் அதனோடு பொருந்துகிறது. பிரிட்டன் இந்த முறையை 1933இல்தான் கைவிட்டது.

அதனால் 'வலப்பக்கம் திருப்பு' என்று எழுதினால் வாசகர் குழம்பிப்போவார். 'சுக்கான் பிடி முழுக்க வலப்பக்கம்!' என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் ஒரு வரி அடிக்குறிப்பு கொடுங்கள், போதும்.

அப்புறம், இன்னும் பழைய கப்பல் கதைகளை எடுத்தால் இடப்பக்கத்துக்கு 'லார்போர்டு' என்று வரும். புயல் இரைச்சலில் 'ஸ்டார்போர்டு', 'லார்போர்டு' இரண்டும் ஒன்றுபோலக் கேட்டால் என்ன ஆகும்? பிரிட்டிஷ் கடற்படை 1844இல் அதை விட்டுவிட்டு 'போர்ட்' என்று சொல்ல உத்தரவிட்டது.