கோடு கோடாக வந்த கல்யாணப் படங்கள்

வணக்கம் சார்,

பாளையங்கோட்டையில் வங்கியில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போய்விடுவேன். கையில் இருப்பது கேனன் 1500டி, 55-250 லென்ஸ். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறலாம் என்று இருக்கிறேன். கேனன் ஆர்7 வாங்கவா, ஆர்6 மார்க் 2 வாங்கவா? பறவைக்கு ஆர்7 என்கிறார்கள். ஆனால் வரும் தை மாதம் தங்கைக்குக் கல்யாணம்.

போன மாதம் நண்பரின் ஆர்7-ஐ வாங்கிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பாதிப் படங்களில் கோடு கோடாக விழுந்துவிட்டது. மறுநாள் கூந்தன்குளத்தில் எடுத்த மீன்கொத்தியின் இறக்கை கோணலாக வளைந்து வந்தது. சென்சார் மட்டம் என்று நினைக்கிறேன். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம், அதாவது ஆர்6 மார்க் 2, வாங்கினால் இதெல்லாம் தீருமா? வேகத்திலும் ஆர்6 மார்க் 2-தான் முந்துகிறது, வினாடிக்கு 40 படம். ஆர்7-இல் 30தான். பழைய லென்ஸ் பொருந்துமா? வீடியோவுக்கு எது நல்லது? ஒப்பீட்டு அட்டவணையும் சில படங்களும் இணைத்திருக்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

அட்டவணையைப் பார்த்தேன். எடை, பேட்டரி, மெகாபிக்சல், திரை எல்லாம் இருக்கிறது. உங்கள் படங்களைக் கெடுத்த விஷயத்துக்கு மட்டும் அதில் ஒரு வரிகூட இல்லை. வெளிச்சத்தைப் படமாகப் பதிவு செய்யும் சென்சாரின் மேல் வரியில் தொடங்கிக் கீழ் வரி வரை வாசித்து முடிக்க கேமரா எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதுதான் அது. விளம்பரத்தில் 30, 40 என்று பெரிய எழுத்தில் போடுகிறவர்கள் இதைப் போடுவதில்லை. கேமரா வாங்க வருகிறவர்களும் கேட்பதில்லை. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். பழைய 55-250 அடாப்டர் போட்டால் இரண்டிலும் வேலை செய்யும். ஆனால் அது சிறிய சென்சாருக்கான லென்ஸ், ஆர்6 மார்க் 2-இல் போட்டால் கேமரா தானாகவே சட்டத்தைச் சுருக்கிக்கொள்ளும், 24 மெகாபிக்சலில் 9 சொச்சம்தான் மிஞ்சும். பேட்டரி இரண்டுக்கும் ஒன்றுதான். இரண்டிலும் இரண்டு எஸ்டி கார்டு போடலாம். வீடியோவைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள்.

இனி படங்கள். மணமேடைப் படம் படுக்கைவாட்டில் எடுத்தது. ஷட்டர் வேகம் 1/500 வினாடி, எலக்ட்ரானிக் ஷட்டர். மூன்று இருண்ட பட்டைகள் குறுக்கே ஓடுகின்றன. ஒன்று தோரணத்தின் மேல், ஒன்று மணமக்களின் நெற்றிக்கு நேராக, ஒன்று ஹோமகுண்டத்தின் மேல். அடுத்த படத்தில் கேமராவை நிமிர்த்திப் பிடித்திருக்கிறீர்கள். அதில் பட்டைகள் நெடுக்காக விழுந்திருக்கின்றன. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தாலே சென்சார் மட்டம் என்று எழுதியிருக்க மாட்டீர்கள். கேமரா திரும்பினால் பட்டையும் கூடவே திரும்புகிறது. வாசிக்கும் திசைதான் பட்டையின் திசை.

எலக்ட்ரானிக் ஷட்டரில் திரை எதுவும் ஓடுவதில்லை. ஜெராக்ஸ் மெஷினில் தாளுக்கு அடியில் விளக்கு ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடுகிறதே, அப்படித்தான் சென்சார் வரிவரியாக வாசிக்கப்படுகிறது. 1/500 என்பது ஒவ்வொரு வரிக்கும் கிடைக்கும் நேரம் மட்டுமே. எல்லா வரிகளையும் வாசித்து முடிக்க ஆர்7-க்குச் சுமார் 30 மில்லி வினாடி ஆகிறது. ஆர்6 மார்க் 2-க்குச் சுமார் 15.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் நேராக எரியும் விளக்கு வினாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஓர் ஏற்ற இறக்கத்துக்கு 10 மில்லி வினாடி. ஆர்7 வாசித்து முடிப்பதற்குள் விளக்கு மூன்று முறை மங்கிவிடும். உங்கள் படத்தில் மூன்று பட்டை விழுந்தது அதனால்தான். லட்சங்களைக் கொட்டி ஆர்6 மார்க் 2 வாங்கியிருந்தாலும், இதே மண்டபத்தில் இதே 1/500-இல் இதே எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் மூன்று பட்டைக்குப் பதிலாக ஒன்றரைப் பட்டை வந்திருக்கும். மணமக்களின் முகத்தில் அந்த ஒன்றரையும் அசிங்கம்தான்.

ஷட்டரை 1/100-இல் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் விளக்கின் ஒரு முழு ஏற்ற இறக்கம் கிடைத்துவிடும். எந்த வரியும் மற்றதைவிட இருட்டாக இருக்காது, பட்டை மறைந்துவிடும். 1/50-இலும் அப்படியே. நின்றுகொண்டிருக்கும் மனிதர்களுக்கு 1/100 போதும். அட்சதை விழும் நேரத்தில் போதாது, அரிசி கோடாக இழுபடும். அங்கே எலக்ட்ரானிக் ஷட்டரை விட்டுவிட்டு, ஷட்டர் மெனுவில் எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டனுக்கு வாருங்கள். பதிவு மின்னணு முறையில் தொடங்கி, நிஜத் திரை ஓடி முடியும் முறை அது. அதில் திரை சென்சாரைக் கடக்க ஏறத்தாழ 4 மில்லி வினாடிதான். விளக்கின் பாதிச் சுற்றுக்கும் குறைவு. பட்டை விழாது. ஆனால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும். சிலவற்றில் ஒரு ஓரம் மஞ்சள் ஏறி நிற்கும். அதற்கு ஆன்டி-ஃப்ளிக்கரை ஆன் செய்யுங்கள். விளக்கு உச்சத்தில் இருக்கும் கணத்துக்காகக் காத்திருந்து கேமரா ஷட்டரைத் திறக்கும். தொடர் படங்களின் வேகம் கொஞ்சம் குறையும், குறையட்டும்.

வீடியோக்காரர்கள் பிடிக்கும் எல்ஈடி பேனல் வேறு வகை. வெளிச்சத்தைக் குறைப்பதற்காக அதை வினாடிக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் அணைத்து அணைத்து எரிய விடுவார்கள். ஆயிரம் முறை என்று வைத்துக்கொண்டால் எலக்ட்ரானிக் ஷட்டரில் 1/4000 போல வேகமாக எடுக்கும்போது ஆர்7 முப்பது மெல்லிய கோடுகளைக் காட்டும், ஆர்6 மார்க் 2 பதினைந்தைக் காட்டும். ஃபர்ஸ்ட் கர்ட்டனில் 1/250-இல் எடுத்தால் ஒவ்வொரு வரிக்கும் நான்கு முழுச் சுற்று கிடைத்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

இன்னொன்று. இந்த இரண்டு கேமராவிலும் எலக்ட்ரானிக் ஷட்டரில் ஃப்ளாஷ் எரியாது. முகூர்த்த நேரத்தில் ஃப்ளாஷ் ரிப்பேர் என்று பதறாதீர்கள்.

மீன்கொத்தியின் கதையும் இதேதான். ஒரு பேச்சுக்கு, இறக்கை வினாடிக்குப் பத்து முறை அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து கீழே வர 50 மில்லி வினாடி. ஆர்7 மேல் வரியிலிருந்து கீழ் வரிக்கு வருவதற்குள் இறக்கை தன் பாதையில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. படத்தின் மேல் பகுதியில் இருப்பது ஒரு கணத்து இறக்கை, கீழ்ப் பகுதியில் இருப்பது வேறொரு கணத்து இறக்கை. 1/4000 வைத்தாலும் இதுதான் நடக்கும். நன்றாகக் கூர்மையாக, நன்றாகக் கோணலாக வரும். பறக்கும் கூழைக்கடாவைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பும்போது பின்னால் நிற்கும் பனைமரங்கள் சாய்ந்து நிற்பதும் இதனால்தான்.

ஆகவே ஆர்7-இல் பறக்கும் பறவைக்கு ஃபர்ஸ்ட் கர்ட்டன்தான். வினாடிக்கு 15 படம். போதாதா? 15 படத்தில் கிடைக்காத இறக்கை நிலை 30-இல் கிடைத்துவிடும் என்று நம்பித்தான் எல்லோரும் வளைந்த இறக்கைகளை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். 15-இலேயே ரா கோப்பாக, அதாவது சுருக்காத மூலக் கோப்பாக எடுத்தால் சுமார் 50 படத்தில் பஃபர் என்னும் தற்காலிக நினைவகம் நிரம்பி கேமரா திணறும். மூன்று வினாடி சொச்சம். பறவை கிளையை விட்டுக் கிளம்பும் முன்பே பொத்தானை அமுக்கிப் பிடித்திருந்தால், அது தண்ணீரைத் தொடும்போது கேமரா நின்றிருக்கும். அளவு சிறிய சி-ரா கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் நீளமாக ஓடும். முழு மெக்கானிக்கல் ஷட்டரும் உண்டு, ஆனால் ஆர்7-இல் அதன் அடி கொஞ்சம் பலம், நீண்ட லென்ஸில் அதிர்வு தெரியும். ஃபர்ஸ்ட் கர்ட்டனுக்கும் ஒரு குறை உண்டு. லென்ஸின் துவாரத்தை எஃப்/1.8 போல அகலத் திறந்து வைத்து 1/2000-க்கு மேல் போனால் பின்னணியின் மங்கல் வட்டங்கள் பாதி வெட்டுப்படும். எஃப்/8-இல் பறவை எடுப்பவருக்கு அந்தக் கவலை இல்லை.

எலக்ட்ரானிக் ஷட்டரை எதற்குமே தொடாதீர்கள் என்று சொல்லவில்லை. கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அது நல்லது, சத்தமும் இல்லை, அதிர்வும் இல்லை. ஆர்7-இன் ரா பர்ஸ்ட் முறையில் பொத்தானை முழுதாக அமுக்குவதற்கு அரை வினாடி முன்பிருந்தே படங்கள் பதிவாகும். மீன்கொத்தி கிளையை விட்டு எழும் கணத்துக்கு அதைவிட்டால் வேறு வழி இல்லை. இறக்கை கொஞ்சம் வளையும் என்று தெரிந்தே எடுக்க வேண்டும்.

இனி ஃபுல் ஃப்ரேம் மோகம். இருட்டில் நன்றாக எடுக்கும் என்கிறார்கள். உண்மைதான், சட்டத்தை நிறைத்து எடுக்க முடிந்தால். ஆர்6 மார்க் 2-இன் சென்சார் பரப்பு ஆர்7-ஐப் போல 2.6 மடங்கு. மணமேடைக்கு அருகே நின்று இரண்டிலும் ஒரே காட்சியை எடுத்தால், ஆர்7-இல் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 3200-இல் தெரியும் இரைச்சல், அதாவது புள்ளி புள்ளியான கரகரப்பு, ஆர்6 மார்க் 2-இல் 8000 வாக்கில்தான் தெரியும். ஆனால் கூந்தன்குளத்தில் தண்ணீருக்கு நடுவே நிற்கும் வரித்தலை வாத்தை நெருங்க உங்களால் முடியாது. 400 மி.மீ. லென்ஸில் அதன் பிம்பம் சென்சாரில் 5 மி.மீ. உயரம் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த கேமராவிலும் அதே 5 மி.மீ.தான், அதே வெளிச்சம்தான். அந்த 5 மி.மீ.-ஐ ஆர்7 சுமார் 1,560 வரிகளில் பதிவு செய்யும், ஆர்6 மார்க் 2 சுமார் 830 வரிகளில். வெட்டிப் பெரிதாக்கும்போது ஃபுல் ஃப்ரேமின் ஆதாயம் முழுதும் வெட்டிய பகுதியோடு போய்விடும்.

ஃபோகஸில் ஆர்6 மார்க் 2 ஒரு படி நிதானம். ஆர்7 சில நேரம் பறவையை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் நாணலுக்குத் தாவும். வியூஃபைண்டரும் ஆர்6 மார்க் 2-இல்தான் நன்றாக இருக்கிறது. கல்யாணம் எடுப்பதுதான் தொழில் என்றால் யோசிக்காமல் அதை வாங்கச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு வருஷத்தில் ஐம்பது ஞாயிறு பறவை, ஒரு நாள் கல்யாணம். ஆர்7 வாங்குங்கள். மிச்சப் பணத்தில் ஆர்எஃப் 100-400, மண்டபத்துக்கு சிக்மா 18-50 எஃப்/2.8. 100-400-இன் எடை 635 கிராம்தான். கையிலேயே பிடித்துக்கொண்டு ஒரு காலைப்பொழுது முழுக்க நிற்கலாம்.

உங்கள் 1500டி-இல் எடுத்த சங்குவளை நாரைக் குஞ்சின் படமும் இணைப்பில் இருக்கிறது. 1/250, ஐஎஸ்ஓ 200. தலை ஆடிப்போயிருக்கிறது. நல்ல வெயில் ஏறாத நேரத்தில் ஐஎஸ்ஓ-வை 200-இல் பிடித்து வைத்துக்கொண்டு எதைக் காப்பாற்றினீர்கள்? 800 வைத்திருந்தால் 1/1000 கிடைத்திருக்கும். இரைச்சலை வீட்டுக்கு வந்து குறைக்கலாம், ஆடிப்போன தலையை எதைக் கொண்டும் நிறுத்த முடியாது. புது கேமரா வந்ததும் மேனுவலில் ஆட்டோ ஐஎஸ்ஓ போடுங்கள். உச்ச வரம்பு 6400. பறக்கும் பறவைக்கு 1/2000, நிற்பதற்கு 1/500. கொக்குக்கு மட்டும் வெளிச்ச ஈட்டை (எக்ஸ்போஷர் காம்பென்சேஷன்) மூன்றில் ஒரு பங்கு முதல் ஒரு ஸ்டாப் வரை குறையுங்கள், இல்லாவிட்டால் வெள்ளை வெளிறிவிடும். ஒன்பது மணிக்கு மேல் தண்ணீருக்கு மேலே கானல் எழும்பிவிட்டால் தொலைவில் இருப்பதை விட்டுவிடுங்கள், எந்த லென்ஸாலும் முடியாது.

ஆனால் அந்தக் கூழைக்கடாப் படம், குஞ்சின் தலை முழுக்கத் தாயின் பைக்குள் போயிருக்கும் அந்தக் கணம். அதற்கு எவ்வளவு நேரம் பொறுமையாக நின்றிருப்பீர்கள் என்பது படத்திலேயே தெரிகிறது. அந்தப் பொறுமை இருப்பவர் இப்படி ஓர் அட்டவணையை வைத்துக்கொண்டு அல்லாடக் கூடாது.

இனி தங்கை கல்யாணத்தைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் பெண்ணின் அண்ணன். பொரியிடும்போது உங்கள் கை அவள் கையோடு இருக்க வேண்டும். அந்த நேரம் கேமரா இன்னொருவர் கையில்தான் இருக்கும், அவருக்கு மெனுவெல்லாம் தெரியாது. எனவே முதல் நாள் சாயங்காலமே மண்டபத்துக்குப் போய், எலக்ட்ரீஷியனிடம் சொல்லி மேடை விளக்குகள் எல்லாவற்றையும் போடச் சொல்லுங்கள். எலக்ட்ரானிக் ஷட்டரில் 1/4000 வைத்து ஒரு வெள்ளைச் சுவரைப் படம் எடுங்கள். மூன்று பட்டை வந்தால் மின்சாரத்தின் ஏற்ற இறக்கம். மெல்லிய கோடுகள் நிறைய வந்தால் எல்ஈடி. பிறகு ஃபர்ஸ்ட் கர்ட்டனுக்கு மாறி, ஆன்டி-ஃப்ளிக்கரை ஆன் செய்து 1/100, 1/125, 1/160, 1/250 ஒவ்வொன்றிலும் பத்துப் படம். எந்த வேகத்தில் பத்தும் ஒரே வெளிச்சத்தில், ஒரே நிறத்தில் வருகிறதோ அதை எஃப்/2.8, ஆட்டோ ஐஎஸ்ஓ, முகம் கண்டறியும் ஃபோகஸ் ஆகியவற்றோடு சேர்த்து, நம் அமைப்புகளைச் சேமிக்க டயலில் இருக்கும் சி1-இல் சேமித்துவிடுங்கள். கேமராவை வாங்கிக்கொள்கிறவரிடம் டயலை சி1-இலிருந்து திருப்பாதே என்று மட்டும் சொன்னால் போதும்.