வண்டி கேள்வி – பதில்: கோட்டயத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

கேள்வி: கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறேன். வண்டன்மேட்டுக்குப் போய்வர ஜீப் இருக்கிறது. வீட்டுக்கென்று ஒரு காரும் உண்டு. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பது சிறுவயது ஆசை. கோட்டயத்தில் ஒருவர் 2008ஆம் ஆண்டு மெர்சிடிஸ் எஸ்எல்கே 200 வண்டியை 8.5 லட்ச ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். 1,48,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நான் போனபோது இன்ஜினை ஸ்டார்ட் செய்து தயாராக நிறுத்தியிருந்தார். கூரை திறந்து மூடியது. ஓட்டவும் நன்றாகவே இருந்தது. 2016 வரை சர்வீஸ் ரசீதுகள் உள்ளன. அதன் பிறகு வெளியில் பார்த்துக்கொண்டதாகச் சொல்கிறார். "யானையை வாங்கிக் கட்டிவிட்டு யார் தீனி போடுவது?" என்று என் அப்பா கேட்கிறார். வாங்கலாமா?
– வாசகர், கம்பம்

பதில்: கிலோமீட்டரைப் பார்த்து நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. ஆண்டுக்குச் சராசரியாகப் பார்த்தால் அது 10,000 கிலோமீட்டருக்கும் குறைவு. உரிய காலத்தில் ஆயில் மாற்றப்பட்ட 1,796 சிசி பெட்ரோல் இன்ஜினுக்கு அது பெரிய ஓட்டமல்ல. என்னை உறுத்துவது, கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் இரண்டு விஷயங்கள்: நீங்கள் போகும் முன்பே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, 2016க்குப் பிறகு ரசீது எதுவும் இல்லை.

முதலில் இன்ஜினைப் பார்ப்போம். இந்த வண்டியில் இருக்கும் எம்271 இன்ஜினுக்கு எல்லோரும் அறிந்த ஒரு பலவீனம் உண்டு. அதன் டைமிங் செயின், அதாவது வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் சங்கிலி, நாளடைவில் நீண்டுவிடும். வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் அட்ஜஸ்டர் சக்கரங்களின் பற்கள் தேய்ந்துவிடும். ராத்திரி முழுவதும் நின்று ஆறிய இன்ஜினைக் காலையில் ஸ்டார்ட் செய்தால், ஆயில் மேலேறி வரும்வரை இரண்டு மூன்று விநாடி தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம் கேட்கும். சூடான இன்ஜினில் அந்தச் சத்தம் பெரும்பாலும் வராது. செயின் பல் தாண்டிவிட்டால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பிறகு இன்ஜினை இறக்குவதைத் தவிர வழியில்லை. விற்பவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை, விருந்தாளி வருகிறார் என்று வண்டியைத் தயாராக வைத்திருக்கலாம். ஆனாலும் அந்த மூன்று விநாடியைக் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். முந்தின நாள் மாலையே கோட்டயம் போய்த் தங்கி, காலை ஆறரை மணிக்கு அவர் வீட்டில் நில்லுங்கள். முதலில் பானெட்டின் மேல் கையை வையுங்கள். குளிர்ந்திருந்தால் மட்டும் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.

அங்கேயே இன்னொன்றையும் பார்த்துவிடலாம். இன்ஜினின் முன்புறம் கேம்ஷாஃப்ட்டுக்கு எதிரே இரண்டு மேக்னட்டுகள் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றின் சீல் போனால் ஆயில் மின் கனெக்டருக்குள் கசிந்து, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப்போல ஒயருக்குள்ளேயே ஊர்ந்து, சில வண்டிகளில் இன்ஜினின் கம்ப்யூட்டர் பெட்டிவரை போய்ச் சேர்ந்துவிடும். உங்களோடு வரும் மெக்கானிக்கிடம் அந்தக் கனெக்டரைக் கழற்றி, உள்ளே ஒரு வெள்ளைத் துணி நுனியை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். துணியில் ஆயில் ஒட்டியதா இல்லையா என்பதைப் பொறுத்து, நீங்கள் பேசும் விலையே மாறிவிடும்.

இரண்டாவது, ரசீது இல்லாத ஆண்டுகள். அவற்றுக்குள் 2018 ஆகஸ்ட் வருகிறது. அந்த வெள்ளத்தில் கோட்டயம், ஆலப்புழா, செங்கன்னூர், ஆலுவா என்று தாழ்வான பகுதிகளெல்லாம் நாள்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்ததை நாம் மறக்கவில்லை. மூழ்கிய கார்களில் பல, நன்றாகக் கழுவித் துடைக்கப்பட்டு, நம் பக்கத்துச் சந்தைக்கும் வந்து சேர்ந்தன. என் நண்பர் ஒருவர் அப்படி ஒன்றை மலிவாக வாங்கி, எட்டு மாதங்கள் கண்ணாடி ஏற்றுவதற்கே போராடினார். சீட் பெல்ட்டை அதன் கடைசி முழம்வரை வெளியே இழுத்துப் பாருங்கள். மேல் பகுதியை யாரும் கழுவிவிடுவார்கள், சுருளின் அடியில் வண்டல் கோடு அப்படியே இருக்கும். சீட்டின் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் ஈர வாடை, டிக்கியின் அடித்தளத்தில் சேறு ஆகியவற்றையும் பாருங்கள். டிக்கியில் மட்டும் ஈரம் இருந்தால் உடனே வெள்ளம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது; மடக்குக் கூரை வைத்த வண்டியில் மழைநீர் வடியும் குழாய் அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் தேங்கும்.

கியர்பாக்ஸ் ஐந்து கியர் ஆட்டோமேட்டிக், உழைப்பாளிதான். ஆனால் ஆயுளுக்கும் ஆயில் மாற்றத் தேவையில்லை என்ற பேச்சை நம்பி அதை அப்படியே விட்டவர்கள் அதிகம். 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியிருக்க வேண்டும். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது முதுகில் தட்டுவதுபோல் இருந்தால் பேரம் அங்கிருந்து தொடங்கட்டும். கூரை ஒருமுறை திறந்து மூடினால் போதாது. நான்கு முறை தொடர்ந்து இயக்கி, ஹைட்ராலிக் எண்ணெய் எங்காவது சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி அப்பா கேட்ட தீனிக் கணக்கு. 8.5 லட்சம் என்பது வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துவதற்கான விலை. என் கணக்கில் முதல் ஆண்டுச் செலவுக்கென்று தனியாக 3 லட்ச ரூபாய் ஒதுக்கி வைக்க முடியாதவர் இதைத் தொடக் கூடாது. 15 வயது தாண்டிய வண்டி என்பதால் ஆர்.சி. புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா, எதுவரை என்று பாருங்கள். இது இறக்குமதியான கார். 15 வயது தாண்டிய இறக்குமதிக் காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து 40,000 ரூபாய். உள்நாட்டுக் காருக்கு 5,000தான். 20 வயது தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் இரண்டு கட்டணங்களையும் இரட்டிப்பாக்கிவிட்டார்கள். ஆக, 2028க்குப் பிறகு இந்த வண்டியை வைத்திருப்பவர் புதுப்பிக்கும்போது 80,000 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும்.

அன்றாட வேலைக்கு வேறு வண்டி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்குச் சாதகம். உதிரிபாகத்துக்காக இது ஒரு மாதம் நின்றாலும் உங்கள் ஏலக்காய் நிற்காது. காலைச் சோதனையில் சத்தம் இல்லாமல், கனெக்டர் காய்ந்து, பெல்ட்டின் அடியில் மண் இல்லாமல் இருந்தால், ரசீது இல்லாததைக் காட்டி 7 லட்சத்துக்குக் கேளுங்கள். அந்த விலைக்கு வாங்கலாம் என்றே சொல்வேன். மூன்றில் ஒன்று தவறினாலும் அங்கேயே காபி குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுங்கள்.

கேள்வி: புனலூரில் ஒரு பழைய இரண்டு சீட் கார் வாங்கப் போகிறேன். ஆரியங்காவு வழியாக அடிக்கடி அந்தப் பக்கம் போய்வருவதால் கேரள நம்பரிலேயே வைத்துக்கொள்ளலாமா? சிலர் அப்படி ஓட்டுகிறார்களே?
– வாசகர், செங்கோட்டை

பதில்: 1956 நவம்பர் வரை செங்கோட்டையே அந்தப் பக்கத்துத் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது என்று சோதனையில் நிற்கும் ஆய்வாளரிடம் வாதாட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய எண் வாங்கியாக வேண்டும். விற்பவரை வைத்துக் கேரள ஆர்டிஓ அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. என்னும் தடையில்லாச் சான்று வாங்குங்கள், உரிமை மாற்றத்துக்கான 29, 30 ஆகிய படிவங்களில் அவருடைய கையெழுத்தை அன்றே வாங்கிவிடுங்கள். பழைய கடன் எப்போதோ முடிந்திருந்தாலும் ஆர்.சி.யில் ஹைபோதிகேஷன், அதாவது வண்டி கடனுக்கு ஈடு என்ற குறிப்பு, அப்படியே நிற்பதுண்டு. அதை நீக்கப் படிவம் 35 வேண்டும். அதன் பிறகு தென்காசி அலுவலகம்.

இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரி, நீங்கள் கொடுத்த விலைக்குக் கணக்கிடப்படுவதில்லை. வண்டி புதிதாக இருந்தபோதைய விலைக்கு, அதன் வயதுக்கேற்ற சதவீதத்தில் வரும். 40 லட்சத்துக்கு விற்ற வண்டியை நீங்கள் 6 லட்சத்துக்கு வாங்கினாலும் கணக்கு 40 லட்சத்தில்தான் தொடங்கும். எனவே விலை பேசுவதற்கு முன்பே தென்காசியில் விசாரித்து, அந்தத் தொகையையும் கூட்டிக்கொண்டு பேசுங்கள்.

கேள்வி: 2008ஆம் ஆண்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று பாலக்காட்டில் 12 லட்சத்துக்கு வருகிறது; 31,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறதாம். அதிகம் ஓடிய வண்டியைவிட அது நல்லதுதானே?
– வாசகர், கோபாலபுரம்

பதில்: ஓடாமல் நின்ற வண்டி ஓய்வெடுத்த வண்டி அல்ல. ரப்பர் குழாய், சீல், புஷ் எல்லாம் கிலோமீட்டரைப் பார்த்துக் கெடுவதில்லை. நாட்காட்டியைப் பார்த்துக் கெடுகின்றன. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து வண்டிகளின் எரிபொருள் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. டேங்கில் பெட்ரோலோடு மாதக்கணக்கில் நின்றிருந்தால் சிக்கல் கூடும்.

மீட்டர் உண்மையா என்பதற்கு எளிய சோதனை ஒன்று. டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் வரிசை முடியும் இடத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2419 என்றால் 2019ஆம் ஆண்டின் 24ஆம் வாரத்தில் செய்தது. 31,000 கிலோமீட்டருக்குள் மூன்றாவது ஜோடி டயர் போட்டிருந்தால், பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால், அந்த 31,000 எப்படி வந்தது என்று விற்பவர்தான் சொல்ல வேண்டும். டயர் எண்ணையும் பெடலின் படத்தையும் அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.