நால்வர் வாசித்த ரீல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அயர்லாந்தின் கால்வேயில் ஒரு ஸ்ட்ரிங் குவார்டெட் (இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ) கச்சேரிக்குப் போனேன். முன்பாதியில் பீத்தோவனின் ரசுமோவ்ஸ்கி குவார்டெட் வரிசையில் இரண்டாவது. பாதிக்குமேல் பிடிபடவில்லை. பின்பாதியில் அயர்லாந்து ரீல்கள், அதாவது வேகமான ஆட்ட மெட்டுகள். அரங்கமே காலால் தாளம் போட்டது, நானும்தான். உடன் வந்த நண்பர் இது கூட்டத்துக்காகச் செய்யும் சமரசம் என்றார். வெறும் நாட்டுப்பாட்டை ரசித்துவிட்டு வந்திருக்கிறேனே என்று கூச்சமாக இருக்கிறது. செவ்வியல் இசையை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். நண்பர் சொன்னதையும் விட்டுவிடுங்கள். ஆனால் ஆட்டத்துக்கென்றே உண்டான இசைக்குக் கால் அசைந்ததற்கா கூச்சம்? இதைப் படித்ததும் கோபம்தான் வந்தது.

நீங்கள் கேட்ட பீத்தோவனிலேயே, மூன்றாம் பகுதியில், ஒரு ருஷ்ய நாட்டுப்பாடல் வருகிறது. அயர்லாந்துப் பாடல்கள் பலவற்றுக்கும் பியானோ, வயலின், செல்லோ பின்னணி எழுதியவர் அவர். அவருக்கு இல்லாத கூச்சம் உங்களுக்கு எதற்கு?

கொஞ்ச நாளாக எட்வர்ட் பண்டிங்கைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். 1792இல் பெல்ஃபாஸ்டில் அயர்லாந்து யாழ் (ஹார்ப்) கலைஞர்களைக் கூட்டி வாசிக்க வைத்தார்கள். அவர்கள் வாசித்ததை எழுதியெடுத்தவர் 19 வயது ஆர்கன் கலைஞரான பண்டிங். வந்தவர்களில் டெனிஸ் ஹெம்ப்சன் தொண்ணூறைத் தாண்டியவர், பார்வையற்றவர். உலோகத் தந்தியை நகத்துக்கும் சதைக்கும் நடுவே பிடித்துச் சுண்டும் பழைய முறை அங்கே அவரிடம் மட்டும்தான் இருந்தது. 1796இல் புத்தகம் வந்தபோது மெட்டுகள் பியானோவுக்கு ஏற்றபடி மாறியிருந்தன. மெட்டு பிழைத்தது, அந்த நகம் எழுப்பிய ஒலி போய்விட்டது.

குவார்டெட்டில் அந்த இழப்பு இவ்வளவு இருக்க வேண்டியதில்லை. அயர்லாந்து வயலின்காரர்கள் பலர் சில மெட்டுகளில் 'சி' ஸ்வரத்தை, சாதா சி-க்கும் அதற்கு அரை ஸ்வரம் மேலே உள்ள சி ஷார்ப்புக்கும் நடுவில் பிடிப்பார்கள். பியானோவில் அதற்குக் கட்டையே இல்லை. வயலினில் விரல் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். ஆனால் சின்ன வயதிலிருந்தே ஸ்வரம் துல்லியமாக நிற்கவேண்டும் என்று அதட்டி வளர்க்கப்பட்ட விரல் அங்கே போய் நிற்க லேசில் சம்மதிக்காது. தாளமும் அப்படித்தான். ரீலை எழுதினால் பெரும்பாலான ஸ்வரங்கள் ஒரே நீளம். எழுதியபடியே வாசித்தால் ஒருவரும் எழுந்து ஆட மாட்டார்கள். எதில் வில்லை அழுத்துவது, எதை நூலளவு நீட்டுவது என்பது தாளில் கிடையாது. நால்வரும் அதை ஒன்றாக மூச்சு விடுவதுபோலச் செய்தாக வேண்டும். உங்கள் அரங்கமே கால் தட்டியது என்றால் அந்த நால்வரும் கடுமையாக உழைத்திருக்கிறார்கள். இதையா சமரசம் என்பது?

கால்வேயில் இருந்துகொண்டு என்னிடம் வழி கேட்கிறீர்களே! ஏதாவது ஒரு பப்பில் செஷன் (கலைஞர்கள் கூடி உட்கார்ந்து வாசிப்பது) நடக்கும்போது, வயலின்காரரின் வில் பிடிக்கும் வலது மணிக்கட்டு தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். அப்புறம் பீத்தோவனின் அந்த மூன்றாம் பகுதியை மறுபடி கேட்டுவிட்டு எழுதுங்கள்.