தாய்மியாவில் எந்தக் கடவுள் இருக்கிறார்?

கேள்வி: பெய்ஜிங்கில் தாய்மியாவ் என்றொரு அரச கோயில் இருக்கிறதாமே, அங்கே எந்தக் கடவுளை வணங்கினார்கள்? தடைசெய்யப்பட்ட நகரத்தைப் பார்த்தபிறகு இதையும் பார்க்க வேண்டுமா?

கடவுள் யாரும் இல்லை, சிலையும் கிடையாது. அங்கே இருந்தவை மறைந்த பேரரசர்கள், பேரரசிகளின் பெயர் எழுதிய மரப்பலகைகள். முன்னோரின் ஆவி அந்தப் பலகையில் வந்து தங்கும் என்பது நம்பிக்கை. இதை ஒரு பெரிய குடும்பத்தின் வீடு என்று நினைத்துக்கொண்டு போனால் கட்டடம் தானாகவே புரியும். இரண்டாவது கேள்விக்கு என் பதில்: கட்டாயம் பாருங்கள். பெய்ஜிங்கில் நான் திரும்பத் திரும்பப் போன இடம் இதுதான்.

மிங் வம்சத்து யோங்லே பேரரசர், நீங்கள் சொல்லும் தடைசெய்யப்பட்ட நகரமான அரண்மனையோடு சேர்த்தே 1420இல் இதைக் கட்டினார். அரசரின் இடப்பக்கம் முன்னோர் கோயில், வலப்பக்கம் நிலத்துக்கும் தானியத்துக்குமான பலிமேடை என்பது சீன நகர அமைப்பின் பழைய விதி. அரசர் தெற்கு நோக்கி அமர்வதால் அவருக்கு இடப்பக்கம் கிழக்கு. அதனால்தான் தியானன்மென் வாயிலுக்குக் கிழக்கே தாய்மியாவ் இருக்கிறது. மேற்கே இருந்த பலிமேடை வளாகம் இப்போது சுன் யாட்-சென் பெயரில் பூங்கா.

உள்ளே போனால் முதலில் நூற்றுக்கணக்கான பழைய சைப்ரஸ் மரங்கள். அப்புறம் மூன்று மண்டபங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. நடு மண்டபம் படுக்கை வீடு மாதிரி. அந்தக் காலத்தில் பலகைகள் அங்கே தனித்தனி அறைகளில் இருக்கும். பூசை நாளில் அவற்றை முன் மண்டபத்துக்கு எடுத்துவந்து, ஆசனங்களில் அமர்த்தி, படையல் வைத்து, முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் வைப்பார்கள். தலைமுறை கூடக் கூட இடம் போதாதே! அதற்காக மிகப் பழைய முன்னோருக்கென்று பின் மண்டபத்தை 1491இல் கட்டினார்கள்.

முன் மண்டபத்தில் கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள். மூன்றடுக்கு வெள்ளைப் பளிங்கு மேடை, இரட்டைக் கூரை, மஞ்சள் மெருகு ஓடு எல்லாம் அரண்மனையிலும் உண்டு. இங்கே பார்க்க வேண்டியவை தூண்கள். நான்மு என்ற விலை மதிப்பற்ற மரத்தில் 68 தூண்கள், உயரமானவை 13 மீட்டருக்கு மேல். தென்மேற்கு மலைக்காடுகளில் வெட்டிய இந்த மரத்தை ஆற்றிலும் கால்வாயிலும் மிதக்கவிட்டுத்தான் தலைநகருக்குக் கொண்டுவருவார்கள். அரண்மனையில் கண்ணைப் பறிக்கும் அலங்காரத்தைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால், இந்த அடக்கம் மனதை அள்ளிவிடுகிறது.

ஆனால் நாம் பார்ப்பது யோங்லே கட்டிய அதே மண்டபம் இல்லை. அதற்குப் பின்னால் ஒரு மகனின் பிடிவாதம் இருக்கிறது. 1521இல் ஜெங்டே பேரரசர் வாரிசு இல்லாமல் இறந்தார். சித்தப்பா மகனான ஜியாஜிங் பதின்மூன்று வயதில் அரியணை ஏறினார். "முறைப்படி உங்கள் பெரியப்பாதான், அதாவது ஜெங்டேயின் தந்தைதான், உங்களுக்கு இனி அப்பா, பெற்ற அப்பா சித்தப்பா ஆகிறார்" என்றார்கள் அமைச்சர்கள். பையன் ஒத்துக்கொள்ளவில்லை. 1524இல் இருநூறுக்கு மேற்பட்ட அதிகாரிகள் அரண்மனை வாசலில் மண்டியிட்டு அழுது எதிர்ப்புக் காட்டினார்கள். பலருக்குத் தடியடித் தண்டனை, பத்துப் பேருக்கு மேல் அதிலேயே இறந்துபோனார்கள். கடைசியில் 1538இல், ஒருநாளும் ஆட்சி செய்யாத தன் தந்தைக்குப் பேரரசருக்குரிய கோயில் பெயர் (மறைந்த பேரரசரை முன்னோர் கோயிலில் வணங்கும்போது அழைக்கும் பெயர்) சூட்டித் தாய்மியாவில் இடம் வாங்கிக்கொடுத்தார். இதே காலத்தில் ஒரே கோயிலை ஒன்பது தனிக் கோயில்களாகவும் மாற்றிக் கட்டியிருந்தார். 1541இல் இடி விழுந்து பெரும்பகுதி எரிந்துபோனது. 1545இல் மீண்டும் ஒரே கூரையின்கீழ் கட்டியதுதான், அடுத்து வந்த சிங் வம்சத்துக் காலத் திருத்தங்களோடு, இன்றைக்கும் நிற்கிறது.

1644இல் ஆட்சியைப் பிடித்த சிங் வம்சத்து மஞ்சூக்கள் கோயிலை இடிக்கவில்லை. மிங் பலகைகளை வெளியேற்றிவிட்டுத் தங்கள் முன்னோர் பலகைகளை வைத்தார்கள். 1924இல் கடைசிப் பேரரசர் பூயி அரண்மனையிலிருந்து வெளியேற்றப்பட்டபின் பூங்கா ஆனது. 1950 முதல் உழைக்கும் மக்கள் பண்பாட்டு அரண்மனை. நகரின் நடுவே வடக்கு தெற்காகச் செல்லும் பெய்ஜிங் நடு அச்சின் ஒரு பகுதியாக 2024இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது; அந்த முடிவு எடுக்கப்பட்ட கூட்டம் நடந்தது நம் டெல்லியில்.

போனால் முற்றத்தின் மேற்குப் பக்க மண்டபத்தை விட்டுவிடாதீர்கள். சிறந்த அமைச்சர்களின் பலகைகள் அங்கேதான் இருந்தன. சிங் காலம் முழுவதிலும் அதில் இடம் கிடைத்த ஹான் சீனர் (சீனாவின் பெரும்பான்மை இனத்தவர்) ஒரே ஒருவர், ஜாங் டிங்யூ. மூன்று பேரரசர்களிடம் வேலை பார்த்தவர். யோங்ஜெங் பேரரசர் அந்த இடத்தை உறுதியளித்திருந்தும் வயதான காலத்தில் ஜாங் மனம் கேட்காமல், யோங்ஜெங்கின் மகன் சியான்லோங் பேரரசரிடம் போய் உறுதிப்படுத்தக் கேட்டார். கிடைத்தது. நன்றி சொல்ல நேரில் வராமல் பிள்ளையை அனுப்பினார் என்ற கோபத்தில் சியான்லோங் அவருடைய பிரபுப் பட்டத்தைப் பறித்தார். பிறகு மூத்த இளவரசர் இறந்த துக்கம் ஆறுவதற்குள் ஊருக்குப் போக அனுமதி கேட்டார் என்று, அந்த இடத்தையும் பறித்தார். 1755இல் ஜாங் இறந்தபிறகு, தந்தையின் வாக்கை மீற மனமில்லாமல், அந்த மண்டபத்தில் அவருக்கும் ஒரு பலகை வைக்கச் சொன்னார் சியான்லோங்.