நான்காவது டியூஷன் வேண்டாம்

கேள்வி: பாபநாசம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. மகனுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. வாய் ஓயாமல் பேசுவான். கொல்லையில் பறித்த தேங்காயை எண்ணி, வியாபாரிக்குப் போனது போக மீதி எத்தனை என்று மனக்கணக்காகச் சொல்வான். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் திணறுகிறான். கூத்தனூர் சரஸ்வதியையும் கும்பிட்டு வந்தோம். மூன்று டியூஷன் மாற்றியாயிற்று. ‘கற்றல் குறைபாடாக இருக்கலாம், அதற்கென்று படித்தவரிடம் அனுப்புங்கள்’ என்கிறார் வகுப்பாசிரியை. அப்படிப்பட்டவரை எங்கே தேடுவது? சென்னைக்கே போய்விட வேண்டுமா?

பதில்: சென்னைக்கெல்லாம் குடிபோக வேண்டாம், அம்மா. நான்காவது டியூஷனும் வேண்டாம்.

நீங்கள் அனுப்பியிருந்த அவனுடைய நோட்டுப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘கொக்கு’ என்பதை ‘கெக்கு’ என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதி, அந்த இடத்தில் தாளே கிழிந்திருக்கிறது. ‘மழை’ ஒரு வரியில் ‘மளை’, அடுத்த வரியில் ‘மலை’. நம் எழுத்தில் இது நிஜமாகவே கடினமான இடம். ‘கொ’ என்று சொல்லும்போது ‘க்’ முதலில் வருகிறது, ‘ஒ’ பிறகு. எழுதும்போதோ கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் போகிறது. மற்ற பிள்ளைகள் இதைப் போகிறபோக்கில் பிடித்துக்கொள்வார்கள். சில பிள்ளைகளுக்கு ஒலியை உடைத்து, ஒவ்வொன்றாகக் கையில் கொடுக்க வேண்டியிருக்கிறது. பத்து தடவை எழுதச் சொன்னால் தப்பே பத்து தடவை பதியும். ஆசிரியையாக இருந்த காலத்தில் நானும் அப்படி எழுத வைத்தவள்தான், இன்றும் மனம் உறுத்துகிறது.

ஆனால் ஒரு பக்கத்தை வைத்து இது டிஸ்லெக்சியா (வாசிப்பிலும் எழுத்திலும் வரும் கற்றல் குறைபாடு) என்று நான் சொல்லக் கூடாது, டியூஷன் ஆசிரியரும் சொல்லக் கூடாது. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். அப்புறம் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவில் விஷயத்தைச் சொல்லி, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மருத்துவ உளவியலாளர்) மூலம் மதிப்பீடு செய்ய வழி கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. சான்றிதழ் கிடைத்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைக் கேட்கலாம். ‘டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று பள்ளியில் யாராவது சொன்னால் பயந்து கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

இனி, ஆள் தேடுவது. உங்கள் ஒன்றியத்து வட்டார வள மையத்தில் (பி.ஆர்.சி. என்று கேட்டால் எல்லாருக்கும் தெரியும்) இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவென்றே படித்த சிறப்பாசிரியர்களைப் பற்றி விசாரியுங்கள். மதிப்பீடு செய்தவரிடமும் கேளுங்கள், தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ யாரையாவது அவர் அறிந்திருக்கலாம்.

போர்டைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். சிறப்புக் கல்வியில் பட்டமோ டிப்ளமோவோ படித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் சிறப்பாசிரியர். பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள், முறையாகப் படித்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பிறகு இந்த நோட்டுப் பக்கத்தை நீட்டி, “இவனுக்கு ‘கொ’ எப்படிச் சொல்லித் தருவீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். நல்லவராக இருந்தால் பாடப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அவனை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். எழுத்தை மணலில் விரலால் எழுத வைப்பார், எழுதும்போதே ஒலியை வாய்விட்டுச் சொல்ல வைப்பார். விஜயதசமியன்று நெல்லில் விரல் பிடித்து எழுத வைக்கிறோமே, அந்த மாதிரிதான், ஆனால் நாள்தோறும், ஒரு வரிசையோடு. “மூன்றே மாதத்தில் முதல் ரேங்க்” என்று பேசுகிறவரிடம் பணம் கட்டாதீர்கள். இருபது பிள்ளைகளோடு உட்கார வைக்கிறவரும் இவனுக்கு உதவ மாட்டார்.

பக்கத்தில் யாரும் அமையாவிட்டால் திருச்சியிலோ சென்னையிலோ உள்ள ஒருவரிடம் வீடியோ காலில் படிக்கலாம். நீங்களும் கூடவே உட்கார்ந்து, அவர் செய்வதைப் பார்த்து மற்ற நாட்களில் வீட்டில் செய்ய வேண்டும். அது முடியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இவ்வளவு கவனமாகக் கடிதம் எழுதியிருக்கிறீர்களே.

அதுவரை, மாலையில் அறிவியல் பாடத்தை நீங்களே சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். விடையை அவன் வாயால் சொல்லட்டும். அவனுக்கு என்ன தெரியும் என்று பள்ளியில் காட்ட, அதைப் போனில் பதிவு செய்து வகுப்பாசிரியைக்கு அனுப்புங்கள்.