குதிகால் தசைநாண் வலிக்கு பி.ஆர்.பி. ஊசி பலன் தருமா?

ஆறு மாதமாகக் குதிகாலுக்கு மேலே வலி. "செல் சிகிச்சை" என்று பி.ஆர்.பி. (தட்டணுக்கள் செறிந்த ரத்தத் திரவம்) ஊசியைச் சொல்கிறார்கள், போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

இது ஸ்டெம் செல் (பல வகைத் திசுக்களாக மாறக்கூடிய மூல செல்) அல்ல. உங்கள் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த மஞ்சள் திரவத்தைப் பிரித்துத் தசைநாணில் (கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் நாரில்) செலுத்துவார்கள். அதிலுள்ள வளர்ச்சிக் காரணிகள் திசுவை ஆற்றும் என்பது நம்பிக்கை. ஆனால் பிரிட்டனில் 240 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் கழித்தும் போலி ஊசி குத்தப்பட்டவர்களைவிடப் பி.ஆர்.பி. போட்டவர்கள் அதிகம் தேறவில்லை.

முதலில் பயிற்சி. படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெல்ல மெல்லக் கீழே இறக்குங்கள். மூன்று மாதமாவது விடக்கூடாது. தசைநாண் எலும்போடு ஒட்டும் இடத்தில் வலியென்றால் சமதரையில் செய்யுங்கள். திடீரென 'டப்' என்று அறுந்ததுபோல் உணர்ந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.