பிரசவ வகுப்பில் கேட்கக் கூச்சப்படும் கேள்விகள்

கேள்வி: எனக்கு எட்டாம் மாதம், முதல் குழந்தை. பிரசவ வகுப்புக்குப் போகிறேன். மூச்சுப் பயிற்சி, பெரிய பந்தில் உட்காருவது, பொம்மைக்கு டயப்பர் மாட்டுவது என்று நன்றாகத்தான் போகிறது. ஆனால் என் தலைக்குள் ஓடுவது வேறு. தையல் போடுவார்களா, ஆபரேஷன் என்றால் என்னிடம் கேட்பார்களா, முக்கும்போது மலம் போய்விட்டால் என்ன செய்வது? இதையெல்லாம் கேட்டால் சிரிப்பார்களோ?

பதில்: யாரும் சிரிக்க மாட்டார்கள். பக்கத்தில் இருக்கும் பெண்ணும் அநேகமாக இதையேதான் மனதில் வைத்துக்கொண்டு, வேறு யாராவது கேட்க மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார். மலம் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். குழந்தையின் தலை மலக்குடலை அழுத்திக்கொண்டுதான் இறங்குகிறது, அதனால் கொஞ்சம் வெளியே வருவது சகஜம், நர்ஸ் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார், பல சமயம் உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

தையல்? முதல் பிரசவத்தில் சின்னக் கிழிசலாவது ஏற்படுவது ரொம்ப சாதாரணம். ஆனால் குழந்தை வெளியே வரும் வாயின் ஓரத்தை எல்லாருக்கும் வழக்கமாக வெட்டிவிடுவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. "இங்கே எந்த நிலைமையில் வெட்டுவீர்கள்?" என்று டாக்டரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

ஆபரேஷன் பற்றிப் பேசாத வகுப்பு என்னைப் பொறுத்தவரை அரை வகுப்புதான். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். நீங்கள் விழித்திருப்பீர்கள், வலி இருக்காது, ஆனால் வயிற்றுக்குள் இழுப்பதும் அழுத்துவதும் தெரியும், குழந்தை சில நிமிடங்களில் வந்துவிடும், தையல் போடத்தான் அதைவிட நேரமாகும். உங்கள் சம்மதம் கேட்டே ஆக வேண்டும். அவசரம் என்றால் விளக்க நேரம் குறைவாக இருக்கும் என்பதால்தான் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

இன்னொன்று, 'கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கணும்' என்று யாராவது பயமுறுத்தினால் கலங்காதீர்கள். அந்தக் கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது என்று 2018லேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. 5 சென்டிமீட்டருக்கு முன்னால் ரொம்ப மெதுவாகத்தான் போகும், முதல் பிரசவத்தில் அதற்கு மேல் முழுதாகத் திறக்க 12 மணி நேரம் வரைகூட ஆகலாம்.

கேள்வி: வகுப்புக்கு நானும் வர வேண்டும் என்கிறாள் மனைவி. அங்கே எனக்கு என்ன வேலை?

பதில்: நிறைய இருக்கிறது, போங்கள். வலி வரும்போது இடுப்பின் பின்பக்கம் எங்கே, எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதைக் கையால் செய்து பார்த்தால்தான் வரும். அப்புறம், எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்: குழந்தையின் அசைவு குறைவது, விடாத தலைவலியோடு கண் மங்குவது, ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைவது. அவருக்கு வலி என்றால் நீங்கள்தான் போனில் பேசப் போகிறீர்கள்.

கேள்வி: நான் வகுப்பு எடுக்கும் நர்ஸ். பிரசவத்துக்குப் பிந்தைய விஷயங்களை ஆரம்பித்தால் யாரும் கவனிப்பதில்லை. குழந்தை பிறந்ததும் அதே பெண்கள், "இதை யாருமே சொல்லலையே சிஸ்டர்" என்கிறார்கள்!

பதில்: அவர்கள் மேல் தப்பில்லை. வயிற்றில் குழந்தை இருக்கும்போது மனசு பிரசவ நாளைத் தாண்டிப் போகாது. அதனால் முதல் நாளே ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்து, பெயர் போடாமல் கேள்வி எழுதச் சொல்லுங்கள், அதை வைத்தே வகுப்பை நடத்துங்கள். பொம்மையைக் குளிப்பாட்டும் நேரத்தைத் தாராளமாக வெட்டலாம். முடிந்தால் குழந்தை பிறந்த இரண்டாவது வாரத்தில் இன்னொரு முறை கூப்பிடுங்கள், அப்போது ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழும்.

அதுவரை காத்திருக்க முடியாதவை சில உண்டு. பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் மீண்டுவிடும். இது தெரியாத தாய், மூன்றாம் நாள் எடை மெஷினைப் பார்த்ததுமே தனக்குப் பால் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறாள். பால் குடிக்கும்போது குழந்தையின் வாய் அகலத் திறந்து, முகவாய் மார்பில் பட்டு, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் கீழ்ப்பக்கம் அதிகமாக வாய்க்குள் போயிருக்கிறதா என்று படத்தோடு காட்டுங்கள். ஊட்டும்போதெல்லாம் காம்பு வலித்தால், பிடிப்பு சரியில்லையா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

தாய்க்கு வரும் காரணமில்லாத அழுகையைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். அது பிரசவமான சில நாளில் பலருக்கு வரும், தானாகப் போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லை, குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவம் வேண்டும். இதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள், ஏனென்றால் அந்த நிலையில் இருப்பவர் தானாக வந்து கேட்பது அபூர்வம்.